முப்பத்துநாலுக்கு எவ்வளவு

நாற்பத்தைந்து விரிவுரை.
முப்பத்தாறில் இருந்திருக்க வேண்டும்,
இருந்தது முப்பத்துநாலு.
நலன்புரிப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால்
சமிந்த சேர் கல்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்,
நான் நம்பமாட்டேன் என்பதுபோல.
எழுபத்தைந்து தசம் ஐந்து ஐந்து ஐந்து.
திரை முடியும்வரை ஐந்து.

குறைந்ததில் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும்.
புள்ளிவிபரவியல், செவ்வாய், காலை எட்டு மணி.
திங்கள் போயாவுக்கு வீட்டுக்குப் போய்த் திரும்புகையில்
கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்து பஸ் நின்றது.
ஓடிப்போய் நுழைந்தேன், எட்டு நாற்பது.
கதவோர வாங்கில் இடம் கிடைத்தது,
கடைசிக் கணக்கை எழுதியும் கொண்டேன்.
கையொப்பத் தாள் மட்டும் அதற்குள்
முன்வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டது.
கணக்கு என் கொப்பியில் இருக்கிறது,
நான் அந்த நாளில் இல்லை.

மற்றவை கண்டியில்
ஒரு புடவைக் கடையின் இரண்டாம் மாடியில் விட்டவை.
ஜூலைக் காசு ஒக்டோபரில் வந்தது.
இடையில் ஓகஸ்ட் இருந்தது, செப்டம்பர் இருந்தது,
இரண்டிலும் எனக்குப் பசித்தது.
தீபாவளி சீசனுக்கு ஆள் எடுத்தார்கள்.
சாரி விரித்தேன், மடித்தேன், விரித்தேன்.
படிக்கத் தரும் காசு பிந்தியதால் உழைக்கப் போனேன்,
உழைக்கப் போனதால் படிக்கத் தரும் காசை நிறுத்தினார்கள்.
செனுரிக்கு இதைச் சிங்களத்தில் சொன்னபோது
அவள் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

மேன்முறையீட்டுப் படிவம் மூன்று மொழியிலும் உண்டு.
தமிழில் வருகையீனத்தை
'வறுகையீனம்' என்று அடித்திருக்கிறார்கள்.
காரணம், பொருத்தமானதன் கீழ்க் கோடிடுக:
நோய். குடும்பத்தில் மரணம். இயற்கை அனர்த்தம்.
அத்தாட்சி இணைக்கவும்.

கெட்டம்பேயில் ஒரு டொக்டர் இருக்கிறாராம்,
எழுநூற்றைம்பது ரூபாய்க்கு டெங்குவே எழுதித் தருவாராம்.
போன வருடம் எங்கள் பெட்சில்
ஒன்பது தாத்தாமார் செத்தார்கள்,
அதில் ஒருவர் இரண்டு தரம்.
என் தாத்தாக்கள் இருவரும் நான் பிறக்குமுன்னே
போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒன்றுக்கும் உதவாமல்.

இரவு அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.
பொகவந்தலாவையில் மழை, குரல் அறுந்து அறுந்து வந்தது.
"ரெண்டு கொறஞ்சு போச்சும்மா."
"எதுல?"
"முப்பத்தாறு வேணும். முப்பத்துநாலுதான் இருக்கு."

அம்மாவுக்கு ஜீபீஏ தெரியாது, குறைவது தெரியும்.
பதினெட்டுக் கிலோவுக்குப் பேர்.
ஈரக் கொழுந்தென்று ரெண்டு கழித்துப்
பதினாறு எழுதினால் அரைப் பேர்.
விடியவே மலை ஏறிய முழு ஆள்
மாலையில் துண்டில் அரையாக இறங்குவாள்.
அந்த அரைக்கும் காசு உண்டு.
அதனால்தான், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"சரி புள்ள, அப்ப முப்பத்துநாலுக்கு எவ்வளவு தருவாங்க?"

மழை கேட்டுக்கொண்டிருந்தது.
நிறுத்த கொழுந்தை அப்படியே கொட்டிக்கொண்டு
வெறும் சாக்கோடு ஆளை அனுப்பும் இடமென்று
பல்கலைக்கழகத்தைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது?
"கணக்குப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

இயற்கை அனர்த்தத்துக்குக் கீழே
அடிமட்டம் வைத்து நானே ஒரு கோடு கீறினேன்.
ஜூலை மாதத்துக்குரிய பணம்
ஒக்டோபர் பத்தொன்பதில் கிடைத்தது.
அத்தாட்சி: வங்கிப் புத்தகத்தின் பிரதி, பக்கம் நான்கு.
ப. கிசாந்தினி.

சமிந்த சேர் பக்கம் நான்கை இரண்டு தரம் பார்த்தார்.
"இப்படி ஒருத்தரும் போடுறதில்ல, நங்கி."
போடக்கூடாதென்று சொல்லவில்லை.
முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்துக் குத்தினார்.
குழு எப்போது கூடும் என்று அவருக்கும் தெரியாது.

இரண்டு மணிக்கு விரிவுரை இருந்தது.
தாள் என்னிடம் வந்தபோது கிறுக்காமல்
அப்பா பெயரிலிருந்து தொடங்கி முழுப் பேரையும் எழுதினேன்.
பக்கத்துப் பிள்ளையின் கட்டத்தில்
கொஞ்சம் ஏறிவிட்டது.